ஏறுகிறது, பார்த்தேன்

மக்கள் சேவை மாளிகையில் டோக்கன் கொடுக்கும் கம்ப்யூட்டர் நிரல் தினமும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் உயிரை விடும். ஒரு நாளும் தவறியதில்லை. அந்த மாளிகையில் நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுதான்.

பிறப்புச் சான்றோ, வீட்டு வரியோ, ஓட்டுநர் உரிமமோ, எதற்கு வந்தாலும் முதலில் தரைத்தளத்தில் டோக்கன் வாங்க வேண்டும். கவுண்டரில் இருக்கும் பெண் பெயரையும் வந்த காரியத்தையும் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். பக்கத்து இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பும். காலையில் சீட்டு சுடச்சுட வரும். போகப் போக இயந்திரம் யோசிக்க ஆரம்பிக்கும். பிறகு பெருமூச்சு விடும். கடைசியில் திரை அப்படியே உறைந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் உறைய மாட்டார்கள்.

அந்த நிரலை எழுதியவர் ஐந்தாவது மாடியில் இருந்தார். எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர்காரர் என்றே கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவரும் அவரே. இந்த இரண்டில் எது அவர் செய்த பெரிய தவறு என்று அவர் மனைவியைக் கேட்டால், காலையில் ஒரு பதிலும் மதியத்துக்கு மேல் ஒரு பதிலும் கிடைக்கும்.

மதியம் இருவரும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே உள்ள படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே ஜன்னல் இருந்தது, காற்று இருந்தது, அதிகாரிகள் லிஃப்டில் போவதால் நிம்மதியும் இருந்தது.

"இன்னைக்கு என்ன திட்டு?" என்று கேட்டார் கம்ப்யூட்டர்காரர்.

"எல்லாம் பழசுதான். ஒருத்தர் மட்டும் புதுசா, 'இந்தப் புரோகிராமை எழுதினவன் உருப்படுவானா'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"நானும் ரொம்ப நாளா அதைத்தாங்க யோசிச்சிட்டிருக்கேன்னு சொன்னேன். பாவம், சமாதானமாயிட்டார்."

சொல்லிவிட்டு, மடியில் இருந்த உறையை அவரிடம் நீட்டினாள். கவுண்டர் ஊழியரின் மந்தத்தால் சேவை அடிக்கடி தடைபடுவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறதாம். மாத இறுதிக்குள் சீராகாவிட்டால் ஊழியர் எல்லைக் கிளைக்கு மாற்றப்படுவாராம். எல்லைக் கிளை என்பது, போய்ச் சேரவே ஒரு பகல் பிடிக்கும் இடம். அங்கே மாற்றப்பட்டவர்கள் நீண்ட விடுமுறைகளில் மட்டும் ஊருக்கு வருவார்கள். வந்ததும் சொந்த வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.

"மெஷின் நின்னா நான் மந்தமாம்," என்றாள் மனைவி.

"நீ கவலைப்படாத. நான் பார்த்துக்கறேன்."

"இப்படித்தான் மார்க்கெட் வாசல்லயும் சொன்னீங்க. 'நான் பார்த்துக்கறேன், நீ ஏறு'ன்னு."

அது கல்யாணமான புதிதில் நடந்தது. அவள் பையை எடுக்கக் குனிந்த நேரத்தில் இவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். வீடு வரைக்கும் பின்சீட்டோடு பேசிக்கொண்டே போனார். வாசலில் வண்டியை நிறுத்தி, "என்ன, வழியெல்லாம் ஒண்ணுமே பேசல?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அந்த ஸ்கூட்டரை விற்று எத்தனையோ காலமாகிவிட்டது. அவள் மனசில் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கம்ப்யூட்டர்காரர் காரியத்தில் இறங்கினார். ஓடுகிற நிரலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்க ஒரு கருவி உண்டு. கவுண்டர் திறந்ததும் ஒரு படம் எடுத்தார். இயந்திரம் பெருமூச்சு விடும்போது இன்னொரு படம் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து, நடுவில் எது பெருத்திருக்கிறது என்று பார்த்தார். காரணம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

மாளிகையில் ஒரு விதி உண்டு. எந்தக் காகிதத்தையும் எறிய வேண்டுமானால் மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும்: பிரிவு எழுத்தர், மேற்பார்வையாளர், கழிவு அலுவலர். நிரலை எழுதச் சொன்னபோது இந்த விதியை அதற்குள்ளும் புகுத்தச் சொன்னார்கள். "காகிதத்துக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டார்கள். அவர் கடுமையாக எதிர்த்தார், மனசுக்குள். பிறகு சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு ஒப்புதலை நிரல் தானே போட்டுக்கொள்ளும். மூன்றாவதைக் கழிவு அலுவலர் தர வேண்டும். ஆனால் சிக்கன நடவடிக்கையில் கழிவு அலுவலர் பதவியே ஒழிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பதவியை ஒழிக்கும் கோப்பிலும் மூன்றாவது கையெழுத்து அவருடையதுதான். அதற்கப்புறம் அவர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

ஆகவே காலையிலிருந்து டோக்கன் வாங்கிய ஒருவரையும் நிரல் வெளியே விடவில்லை. வரியைக் கட்டி, வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி, காலை நீட்டி உட்கார்ந்தவர்கள்கூட நிரலுக்குள்ளே இன்னும் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்கள், வராத ஒரு கையெழுத்துக்காக. கூட்டம் சேரச் சேர இடம் நெருக்கி, கடைசியில் நிரல் மூச்சுமுட்டிச் சாய்ந்தது.

மூன்றாவது ஒப்புதலைக் கேட்கும் ஒரே ஒரு வரியை நிரலிலிருந்து எடுத்தால் போதும். கம்ப்யூட்டர்காரர் துள்ளாத குறையாக இயக்குநரின் அறைக்குப் போனார்.

இயக்குநர் நல்ல உயரம். பேசும்போது எதிரில் ஒருவர் மட்டும் இருந்தாலும் பின்னால் ஒரு கூட்டம் இருப்பதுபோல் தலைக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார். பக்கத்தில் ஆலோசகர் அம்மையார் இருந்தார். அவர் எந்தத் துறைக்கு ஆலோசகர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஆலோசனை சொல்வார் என்று பயம்.

"கம்ப்யூட்டரோட நினைவகத்துல கசிவு சார். கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"கசிவா? எது வெளிய போகுது?"

"வெளிய எதுவும் போகல சார். போக வேண்டியது போகாம உள்ளயே தங்கிடுது. அதைத்தான் கசிவுன்னு சொல்றோம்."

இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர், "ஆழமான விஷயம்," என்றார்.

"ஒரு வரியை எடுத்தா சரியாயிடும் சார். இப்பவே எடுத்துடறேன்."

"ஒரு வரியா?" இயக்குநரின் முகம் வாடியது. "இத்தனை நாளா ஊரே திட்டற பிரச்சினை. மேலிடத்துல போய் நான் ஒரு வரின்னு சொல்ல முடியுமா? அப்ப இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்பாங்களே. நம்ம மாளிகையோட கௌரவத்துக்குத் தகுந்த மாதிரி பிரச்சினை இருக்க வேண்டாமா?"

"சரி பண்றதுங்கறது அவசரம்," என்றார் ஆலோசகர். "சரி பண்ணிட்டா அப்புறம் கண்காணிக்க என்ன இருக்கும்?"

"அதான். முதல்ல கண்காணிப்போம்."

அப்படித்தான் நினைவகக் கண்காணிப்பு மண்டபம் பிறந்தது. சுவர் அளவு திரை ஒன்று வாங்கினார்கள். அதை மாட்டப் போதுமான சுவர் ஐந்தாவது மாடியில் பொதுமக்கள் காத்திருக்கும் கூடத்தில்தான் இருந்தது. ஆகவே பொதுமக்கள் படிக்கட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கம்ப்யூட்டர்காரரும் மனைவியும் சாப்பிட்ட படியில் இப்போது இரண்டு வீட்டு வரியும் ஒரு ஓட்டுநர் உரிமமும் உட்கார்ந்திருந்தன.

திரையில் ஒரே ஒரு பச்சைக் கோடு. நிரல் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்துவைத்திருக்கிறதோ அவ்வளவு உயரத்தில் அது இருக்கும். காலையில் தரையில் தொடங்கி, ஆட்கள் வர வர ஏறும். அரைமணிக்கு ஒரு தடவை ஒரு அதிகாரி திரைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏறுகிறது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு "ஏறுகிறது, பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழாதவரை கோடு ஏறியதாகக் கணக்கில்லை.

கோடு உச்சியைத் தொட்டு நிரல் சாய்ந்ததும் மணி அடிக்கும். இயக்குநர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்துவார். நிரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கோடு தடாலென்று தரைக்கு விழும். கைதட்டல் எழும். இதற்கு 'மீட்பு' என்று ஆலோசகர் பெயர் வைத்தார்.

"நேத்து முழு நினைவகத்தையும் மீட்டோம்," என்று இயக்குநர் ஒரு நாள் மண்டபத்தில் பேசினார். "இன்னைக்கும் மீட்டோம். நாளைக்கும் மீட்போம். பக்கத்து ஊர் மாளிகையில நிரல் நிக்கறதே இல்லைன்னு பெருமை பேசறாங்க. நான் கேக்கறேன், அவங்க இதுவரைக்கும் ஒரு தடவையாவது எதையாவது மீட்டிருக்காங்களா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. படிக்கட்டில் இருந்தவர்களும் டோக்கன் வந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர்காரர் கொதித்தெழுந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் அவரைத் தலைமைக் கண்காணிப்பாளர் ஆக்கியிருந்தார்கள். தலை சாய்க்க மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்று வந்திருந்தது. அதில் சாய்ந்து பார்த்தால் கோடு ஏறுவது உண்மையாகவே அழகாக இருந்தது. முதல் வாரம் அந்த ஒரு வரியை எடுக்க அனுமதி கேட்டு இரண்டு தடவை எழுதினார். இரண்டாவது வாரம் ஒரு தடவை எழுதினார். மூன்றாவது வாரம் நாற்காலியின் உயரத்தைக் கூட்டித் தரச் சொல்லி எழுதினார். கூட்டித் தந்தார்கள்.

"தலை சாச்சுக்கத் தனியா மெத்தையெல்லாம் இருக்காமே," என்றாள் மனைவி. படி போய்விட்டதால் இருவரும் இப்போது ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேக்கல. அவங்களாத்தான் குடுத்தாங்க."

"உயரத்தை?"

கம்ப்யூட்டர்காரர் சாப்பாட்டில் கவனம் செலுத்தினார்.

மாதம் முடிய சில நாள் இருக்கும்போது மாற்றல் உத்தரவு வந்தது. மனைவி அதை எடுத்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்கே ஏறி வந்தாள். அதில் காரணம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது: மேற்படி ஊழியர் டோக்கன் கொடுக்கும்போதெல்லாம் கோடு ஏறுகிறது, அவர் சாப்பிடப் போகும்போது ஏறுவதில்லை, எனவே கசிவுக்குக் காரணம் ஊழியரே. ஆதாரமாகக் கண்காணிப்புத் தாள்களின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

'ஏறுகிறது, பார்த்தேன்.' அவருடையதுதான். தலைமைக் கண்காணிப்பாளர் ஆன பிறகு கையெழுத்துக்கு அடியில் ஒரு சுழி சேர்த்திருந்தார். சுழியும் இருந்தது.

"அது... பொதுவாத்தான் போட்டேன்."

"நல்லாப் போட்டிருக்கீங்க. சுழியெல்லாம் வெச்சு." அவள் தாளை மடித்தாள். "எல்லைக் கிளைக்கு நான் எப்படிப் போகணும்? ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறீங்களா?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தலையைத் தானே தூக்கிப் பிடித்தார்.

அன்று மதியம் நிரல் வழக்கம்போல் சாய்ந்தது. இயக்குநர் பொத்தானை அழுத்தினார். மண்டபமே திரையைப் பார்த்துக் கைதட்டிய அந்த நேரத்தில், ஓரமாக இருந்த கம்ப்யூட்டர்காரர் அந்த ஒரு வரியை எடுத்தார். கைதட்டல் முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவருக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதுவும் வேறொருவருக்கு.

மறுநாள் காலை கோடு ஒரு விரற்கடை ஏறியது. பிறகு படுத்துவிட்டது. ஆட்கள் வந்தார்கள், டோக்கன் வாங்கினார்கள், வேலையை முடித்தார்கள், நிரலை விட்டும் மாளிகையை விட்டும் வெளியே போனார்கள். படிக்கட்டு காலியானது. கவுண்டரில் ஒரு பெரியவர், "இன்னைக்கு லீவா?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மண்டபத்தில் நிலைமை வேறு. அரைமணி அதிகாரி திரைக்கு முன்னால் வந்து கண்ணாடியைச் சரிசெய்தார். வாயைத் திறந்தார், மூடினார். 'ஏறவில்லை, பார்த்தேன்' என்று எழுத வழி கிடையாது. ஏறட்டும் என்று அங்கேயே நின்றார். அடுத்த அரைமணிக்கு வந்தவர் அவருக்குப் பின்னால் நின்றார். மதியத்துக்குள் மாளிகையில் இருந்த ஒரே வரிசை அதுதான். இயக்குநர் விரலைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி அடிக்கவில்லை.

"கோடு படுத்துட்டா என்ன அர்த்தம்?" என்று ஆலோசகர் நடுங்கும் குரலில் கேட்டார். "ஆஸ்பத்திரியில பார்த்ததில்லையா நீங்கல்லாம்?"

"ஆனா கீழ நல்லா ஓடுதுங்க," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"யார் சொன்னது?" என்றார் இயக்குநர்.

"கீழ இருக்கறவங்க."

"அவங்ககிட்ட திரை இருக்கா?"

இல்லை என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆலோசகர் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "படிக்கட்டுல ஆளே இல்ல. மக்களுக்கு நம்ம மேல நம்பிக்கை போயிடுச்சு. அதான் காத்திருக்கக்கூட வரல."

"கூட்டமே இல்லாத கவுண்டருக்கு ஆள் எதுக்கு?" இயக்குநர் பேனாவை எடுத்தார். "உபரி. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? அந்தம்மாவை நாளன்னைக்கே அனுப்பிடுங்க."

ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் செய்தியைக் கேட்ட மனைவி சிரித்தேவிட்டாள். "மெஷின் நின்னா நான் மந்தம். ஓடினா நான் உபரி. கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நின்னா என்னவாம், மேனேஜரா?"

"நான் பார்த்துக்—"

"ஸ்கூட்டர்," என்றாள் அவள்.

அவர் மேலே போய் உட்கார்ந்து, சாயந்தரத்துக்குள் புதிதாக ஒரு சின்ன நிரலை எழுதினார். அதற்கு ஒரே வேலை. திரையில் பொய்யாக ஒரு கோட்டை ஏற்ற வேண்டும். மதியம் மணி அடிக்க வேண்டும். இயக்குநர் பொத்தானை அழுத்தினால் கோட்டைக் கீழே தள்ள வேண்டும். உண்மையான டோக்கன் நிரலைத் தொடக் கூடாது. தினமும் ஒரே மாதிரி ஏறினால் சந்தேகம் வரும் என்று, அங்கங்கே சின்னத் தயக்கம், ஒரு குலுக்கல் எல்லாம் வைத்தார். வாழ்க்கையில் இவ்வளவு சிரத்தையாக அவர் எதையும் எழுதியதில்லை. கசிவை எழுதுவதில் அவருக்கு இயற்கையாகவே கை வந்தது.

மறுநாள் காலை கோடு ஏறத் தொடங்கியதும் வரிசையில் நின்ற முதல் அதிகாரி கண்கலங்க, "ஏறுகிறது!" என்றார். ஆலோசகர் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர்காரர் இயக்குநரின் காதருகே குனிந்தார்.

"சார், ஒரு விஷயம். அந்தம்மா டோக்கன் குடுக்கும்போதுதான் கோடு ஏறுதுன்னு நம்ம தாள்லயே இருக்கு. இப்ப ஆளை மாத்தி, கோடு மறுபடி படுத்துட்டா?"

இயக்குநருக்கு வியர்த்தது. மாற்றல் உத்தரவை அந்த இடத்திலேயே கிழிக்க விரும்பினார். மூன்று ஒப்புதல் இல்லாமல் கிழிக்க முடியாது என்பதால் பையில் வைத்துக்கொண்டார். கோட்டை ஏற்றத் தெரிந்த ஒரே ஊழியர் என்று அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் போனது. மந்தம் என்று சொன்ன அதே கையெழுத்து.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. கீழே வேலை ஓடியது. மேலே கோடு ஏறியது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததால் சண்டையும் இல்லை. சிறந்த கண்காணிப்புக்கான கேடயத்தை மேலிடத்திலிருந்து நேரில் வந்து கொடுப்பதாக அறிவித்தார்கள்.

விழா அன்று மண்டபத்தில் மேலிடத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கண்காணிப்பின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர்காரரின் செல்போன் பையில் துடித்தது.

"நின்னு போச்சு," என்றாள் மனைவி.

"எது?"

"எதுவா? மெஷின். உறைஞ்சு கிடக்கு. வெளிய கூட்டம்."

அவர் திரையைப் பார்த்தார். கோடு ஒரு சின்னத் தயக்கத்தோடு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. "இங்க நல்லாத்தானே ஏறுது," என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் வாய்தான் என்று உணர்ந்தார்.

மடியில் இருந்த கணினியில் அவசரமாக ஒரு படம் எடுத்தார். நேற்றைய படத்தோடு வைத்துப் பார்த்தார். பெருத்திருந்தது அவருடைய பொய்க்கோட்டு நிரல். ஒரு நாள் ஏறிய மாதிரி இன்னொரு நாள் ஏறக் கூடாதே என்று, வரைந்த ஒவ்வொரு புள்ளியையும் அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். எடுத்து எறியும்படி எழுத மறந்திருந்தார். புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து இரண்டு நிரலும் ஓடும் கணினி முழுவதையும் தின்று, டோக்கன் நிரலின் கழுத்தையும் நெரித்துவிட்டன. இந்தத் தடவை விதி இல்லை, கழிவு அலுவலர் இல்லை, பழிபோட ஆள் இல்லை. மாளிகையின் முதல் அசல் கசிவு. முழுக்க முழுக்க அவர் சொந்தத் தயாரிப்பு.

பொத்தானை அழுத்தினாலும் பொய்க்கோடுதான் விழும். அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் சுழற்றி எழுந்து, படிக்கட்டில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினார்.

கீழே கூட்டம் இருந்தது, கூச்சல் இல்லை. மனைவி கவுண்டரை விட்டு எழுந்து நின்று, வரிசையைக் கண்ணால் அளந்து, ஆளாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பச்சைச் சட்டை அண்ணே, வரியா? மூணாவது ஜன்னல், போங்க. அவருக்கப்புறம் குடை வெச்சிருக்கற அம்மா. அப்புறம் நீங்க, இருமிட்டே இருக்கீங்களே, நீங்க. ஐயா, உங்களுக்கு முன்னாடி கைக்குழந்தைக்காரங்க இருக்காங்க, ஞாபகம் இருக்கு, சும்மா நகராதீங்க."

"எதை வெச்சு ஓட்டற?" என்றார் கம்ப்யூட்டர்காரர் மூச்சிரைக்க.

"தலையை வெச்சு. தள்ளி நில்லுங்க, இருமறவருக்கு வழி விடுங்க."

தலைமைக் கண்காணிப்பாளர் நடுவிழாவில் ஓடியதைப் பார்த்த இயக்குநரும், இயக்குநர் ஓடியதைப் பார்த்த மேலிடமும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். உறைந்த திரையைப் பார்த்தார்கள். நகர்கிற வரிசையைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கு இருவரையும் சேர்த்தே அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது. ஆளுக்கு ஒரு திசையில்.

"நிரல் நின்னிருக்கே. இது எதுல ஓடுது?" என்று கேட்டார் மேலிடத்துக்காரர்.

"என் ஞாபகத்துல சார்," என்றாள் மனைவி.

இயக்குநரின் முகத்தில் மெல்ல ஒரு ஒளி பரவியது.

"ஞாபகமா? எவ்வளவு பிடிக்கும்? எவ்வளவு ஏறுது?" அவர் வழக்கம்போல் எல்லோர் தலைக்கும் மேலே, இல்லாத கூட்டத்தைப் பார்த்தார். "இத்தனை நாளா மெஷினோட நினைவகத்தை மட்டும் கண்காணிச்சிட்டிருந்தோமே! ஊழியரோட நினைவகத்தை யார் கண்காணிக்கறது?"

"உலகத்துலயே முதல் தடவை," என்றார் ஆலோசகர்.

கேடயத்தை அங்கேயே கொடுத்தார்கள். நல்ல முடிவு தெரியும்வரை ஊழியர் கவுண்டரை விட்டு அசையக் கூடாது என்று உத்தரவு. அவர் ஞாபகத்தின் கோடு படுத்துவிட்டால் மட்டும் உபரியாகக் கருதி எல்லைக் கிளைக்கு அனுப்ப வேண்டும். தலைமைக் கண்காணிப்பாளர் இனி ஐந்தாவது மாடியில் அல்ல, ஊழியரின் பக்கத்தில் இருந்து அரைமணிக்கு ஒரு தடவை அந்த ஞாபகத்தை அளந்து தாளில் கோடு போட வேண்டும். சுழல் நாற்காலி கவுண்டருக்குள் நுழையவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தாளை விரித்தார். அன்று காலையில் அவர் பொய்க்கோட்டைப் பிடுங்கி எறிந்திருந்ததால் டோக்கன் இயந்திரமும் ஒழுங்காக ஓடியது. முதல் அரைமணி ஆயிற்று.

"சிவப்புத் துண்டு போட்டு ஒருத்தர் வந்தாரே, என்ன வேலையா வந்தார்?"

"யாரு?"

"இப்பப் போனாரே."

"போயாச்சில்ல? அப்புறம் எதுக்கு அவரை நான் வெச்சுக்கிட்டு இருக்கணும்?" அவள் அடுத்தவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

நேற்று வந்த குடைக்கார அம்மா, இருமல்காரர், கைக்குழந்தை, யாரும் உள்ளே இல்லை. வேலை முடிந்த அடுத்த கணமே எல்லோரையும் வெளியே விட்டிருந்தாள். இப்படி ஒரு சுத்தமான நிரலை அவர் தம் தொழிலில் பார்த்ததே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தாளில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஒண்ணுமே ஏறலையே," என்றார் மெதுவாக. "இப்படியே இருந்தா உன்னை அனுப்பிடுவாங்க. எதையாவது ஒண்ணை மறக்காம வெச்சிருக்கியா? யோசிச்சுப் பாரு."

மனைவி கையில் இருந்த சீட்டைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்காணிப்பு மண்டபத்தில்கூட யாரும் எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"எழுதிக்கோங்க," என்றாள். "மார்க்கெட் வாசல்ல என்னை விட்டுட்டுப் போனது. வீடு வரைக்கும் பின்சீட்டோட பேசிட்டுப் போனது. 'ஒண்ணுமே பேசல'ன்னு அதுக்கு என்மேலயே கோவிச்சுக்கிட்டது. எங்கக்கா கல்யாணத்துல சாப்பாட்டுப் பந்தியில தூங்கினது. என் பிறந்தநாளுக்கு உங்க அளவுல செருப்பு வாங்கினது..."

"மெதுவா, மெதுவா."

"நாற்காலியோட உயரத்தைக் கூட்டிக்கிட்டது. கையெழுத்துக்குக் கீழ சுழி போட்டது. அதைத் தனியா எழுதுங்க."

அரைமணி முடிந்தது, அவள் இன்னும் கல்யாணமான முதல் வருஷத்தையே தாண்டவில்லை. நடுநடுவே டோக்கனும் கொடுத்தாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள், மறைந்தார்கள். அவர் ஒருவர்தான் உள்ளே சேர்ந்துகொண்டே போனார்.

மதியம் இயக்குநர் வந்து தாளைப் பார்த்தார். கோடு தாளின் மேல் விளிம்பைத் தாண்டி, இன்னொரு தாள் ஒட்டி, அதிலும் பாதி போயிருந்தது.

"அபாரம்! ஒரு மெஷின்ல இப்படிப் பார்த்ததில்ல. இதெல்லாம் எப்ப விடுவிக்கப்படும்?"

"சொல்றதுக்கில்ல சார்," என்றார் கம்ப்யூட்டர்காரர். "இவங்க விதியும் நம்ம மாளிகை விதி மாதிரிதான்."

மனைவி டோக்கன் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "அக்கா கல்யாணத்துல ஒண்ணு விட்டுப்போச்சு, எழுதிக்கோங்க," என்றாள். அவர் ஸ்டூலை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாளின் அடியில் தெளிவாக எழுதினார்: ஏறுகிறது, பார்த்தேன்.

சுழி போடவில்லை.